டெல்லி கொடுத்த அதிகாரமா?

2021இல் தமிழ்நாடு அரசு ‘மத்திய அரசு’ என்று எழுதுவதை விட்டுவிட்டு ‘ஒன்றிய அரசு’ என்று எழுதத் தொடங்கியபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம்தானே, நாட்டையே பி.டி.ஓ. ஆபீஸ் ஆக்கிவிட்டார்களே என்று பலர் கொதித்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது என்று காட்டியபோதும் கோபம் தணியவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. மாநில உரிமை பற்றி யாராவது வாய் திறந்தால் அதே அன்பர்கள் அதே முதல் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். “ஃபெடரேஷன் என்று போடவில்லை சார், யூனியன் என்றுதான் போட்டிருக்கிறது. மாநிலங்களுக்குத் தனி இறையாண்மை எதுவும் கிடையாது. டெல்லி கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு டெல்லியையே கேள்வி கேட்பதா?” தமிழில் சொன்னால் அவமானமாக இருந்த சொல், ஆங்கிலத்தில் சொன்னவுடன் ஆயுதமாகிவிடுகிறது.

இந்த வாதம் தெருமுனைப் பேச்சோடு நிற்பதில்லை. நன்றாகப் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஏன், மாநிலக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்கூட அரைமனதாக இதை நம்புகிறார்கள். எனவே அதை அதன் முழு வலுவோடு எடுத்துவைப்பதுதான் நியாயம். அமெரிக்காவில் தனித்தனி மாநிலங்கள் கூடிப் பேசி ஒரு நாட்டை உண்டாக்கின. இங்கே அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிளக்கலாம், இணைக்கலாம், பெயரை மாற்றலாம். மாநிலங்களுக்கு இறையாண்மை இல்லையென்று 1962இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இவ்வளவு பெரிய நாட்டைக் கட்டிக் காக்க வலுவான மையம் தேவையென்று அம்பேத்கரும் விரும்பினார். ஆகவே மாநிலம் என்பது கொஞ்சம் பெரிய முனிசிபாலிட்டி.

அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம். 1948 நவம்பர் 4 அன்று வரைவை அவையில் வைத்தபோது ‘யூனியன்’ என்ற சொல்லுக்கு அவர் விளக்கம் தந்தார். மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இந்தக் கூட்டாட்சி பிறக்கவில்லை, ஆகவே எந்த மாநிலத்துக்கும் விலகிப்போகும் உரிமை இல்லை; அதைத் தெளிவுபடுத்தவே அந்தச் சொல் என்றார். நம் அன்பர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து, மாநிலங்களை நகராட்சிகளாக்கிவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டு அதே அவையில் எழுந்திருந்தது. இன்று பெருமையாகச் சொல்லப்படுவது அன்று குற்றச்சாட்டாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அதை மறுத்தார். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது மையம் போடும் சட்டமல்ல, அரசமைப்புச் சட்டமே. சட்டமியற்றவும் நிர்வகிக்கவும் மாநிலங்கள் மையத்தை நம்பியிருக்கவில்லை. இந்த விஷயத்தில் இரண்டும் சம நிலையில் நிற்பவை என்றார். வலுவான மையம் வேண்டும் என்றவர்தான் அவர். ஆனால் அந்த மையத்துக்கும் அவர் வேலி போட்டார். வேலிக்கு உள்ளே இருப்பதை மட்டும் படித்துவிட்டு வேலியே இல்லையென்று சொல்வது படிப்பாகாது.

இந்த வாதத்தின் அடிப்படைக் குழப்பம் என் பார்வையில் ஒன்றுதான். பிரிந்துபோகும் உரிமையும் தன் எல்லைக்குள் ஆளும் உரிமையும் வேறு வேறு. முதலாவது மாநிலங்களுக்கு இல்லை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, தமிழ்நாட்டுக்கு நிச்சயமாக இல்லை. 1963இல் பதினாறாவது திருத்தம் வந்து, வேட்பாளர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானபோது, அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். கைவிட்டவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. மாநிலத்துக்குக் கூடுதல் அதிகாரம் கேட்கும் அரசியலுக்கு வந்தார். ஒரு கோரிக்கையை விட்டதால் இன்னொன்றும் செத்துப்போகும் என்று அவர் நினைக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதியிருக்கலாம். அதனால் தம்பியின் அறைக்குள் அண்ணன் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து பெட்டியைத் திறக்கலாம் என்றாகிவிடுமா?

1962 வழக்குக்கு வருவோம். மேலிருந்து கீழ்வரை எல்லோரும் மேற்கோள் காட்டும் வழக்கு, ஆனால் அதில் என்ன நடந்தது என்று சொல்பவர் குறைவு. நிலக்கரி உள்ள நிலங்களைக் கையகப்படுத்த 1957இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தையும் அந்தச் சட்டத்தின்படி எடுக்க முடியுமா என்று மேற்கு வங்காளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முடியும் என்றது பி.பி. சின்ஹா தலைமையிலான பெரும்பான்மை. மாநிலங்கள் இறையாண்மை கொண்டவை அல்ல என்ற வாசகம் அங்கிருந்துதான் வருகிறது. நீதிபதி கே. சுப்பா ராவ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அரசமைப்பு அதிகாரத்தைப் பங்கிட்டுத் தந்திருக்கும்போது, ஒரு பங்காளியின் சொத்தை இன்னொரு பங்காளி எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி. தீர்ப்பு வந்தது 1962 டிசம்பர் 21. சீனப் போர் ஓய்ந்து சரியாக ஒரு மாதம். நீதிபதிகளின் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மையத்தை எதிர்த்து ஒரு மாநிலம் ஜெயிக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

கதை அங்கே நின்றுவிடவில்லை, நம்மவர்கள்தான் அங்கே நிற்கிறார்கள். 1994இல் மாநில ஆட்சிகளைக் கலைப்பது பற்றிய பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தார்கள். மாநிலங்கள் மையத்தின் வெறும் ஒட்டுறுப்புகள் அல்ல, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட துறையில் அவையே உச்சம் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்பது அந்தத் தீர்ப்போடு உறுதியானது. பிறகு நிலத்தடிக் கனிமத்தின் கதை. தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த இந்தியா சிமெண்ட்ஸ், ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ராயல்டி மீது விதித்த வரியை எதிர்த்து 1989இல் ஜெயித்தது. ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் இன்னொரு வரி போட முடியாது என்றது அன்றைய தீர்ப்பு. 35 ஆண்டுகள் கனிம மாநிலங்களின் கை கட்டப்பட்டிருந்தது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரியல்ல, கனிம உரிமை மீது வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று அதைக் கவிழ்த்தது. 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியையும் வசூலித்துக்கொள்ளலாம் என்று அடுத்த மாதமே சொன்னது. நாடாளுமன்றம் சட்டத்தால் இந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டலாம் என்ற கதவும் திறந்தே இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலைச் சாராய வழக்கிலும் இன்னொரு ஒன்பது பேர் அமர்வு மாநிலங்கள் பக்கம் நின்றது. ஆறு பேர் அமர்ந்த ஒரு பழைய வழக்கைச் சாசனமாகப் பிடித்துக்கொண்டு, ஒன்பது பேர் அமர்ந்த மூன்று வழக்குகளைப் பார்க்காமல் போவதை என்னவென்று சொல்வது?

மூன்றாவது பிரிவு மட்டும் உண்மையான பலவீனம். ஒத்துக்கொள்கிறேன். 2014 ஜனவரியில் ஆந்திரப் பேரவை தெலங்கானா மசோதாவை நிராகரித்தது. நாடாளுமன்றம் அதைப் பொருட்படுத்தாமல் மாநிலத்தைப் பிரித்தது. தெலங்கானா வேண்டும் என்று நினைத்தவன் நான். ஆனாலும் அந்த வழி எனக்கு உவப்பாக இல்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீருக்கு நடந்தது அதைவிட மோசம். ஒரு மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாக இறங்கியது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாநில அந்தஸ்து திரும்பத் தரப்படும் என்ற அரசின் வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டு, ஒரு மாநிலத்தை முழுதாக யூனியன் பிரதேசமாக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டது. ஆனால் எல்லைக்கோட்டை மாற்றும் அதிகாரம் வேறு, கோட்டுக்கு உள்ளே யார் ஆள்வது என்பது வேறு. ஆந்திரத்தைப் பிளந்த நாடாளுமன்றத்தால், புதிதாகப் பிறந்த தெலங்கானாவிடமிருந்து மாநிலப் பட்டியலில் ஒரு வரியைக்கூடப் பிடுங்க முடியவில்லை.

‘டெல்லி கொடுக்கிறது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் இதுதான்.

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்த பிறகு, ஒன்றிய அரசு லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு வசூலித்தது. இதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். மீதியெல்லாம் செஸ், சர்சார்ஜ் வகையறா. 270ஆவது பிரிவின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்புக்குள் வராது. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்குக் கொடுக்கச் சொன்னது 41 சதவீதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எதில் 41? அந்த ஒரு ரூபாய் நாற்பது காசில். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் தமிழ்நாட்டுக்கு அந்தக் குழு வைத்த பங்கு 4.079 சதவீதம். லிட்டருக்குச் சுமார் இரண்டேகால் காசு. திருச்சியில் ஒருவர் வண்டிக்கு ஒரு லிட்டர் போட்டு இருபது ரூபாயை டெல்லிக்கு அனுப்பிவைக்க, அவருடைய மாநிலத்துக்கு உரிமையாகத் திரும்பியது அரையணாகூட இல்லை. சாலைக்கென்று பிடிக்கும் பணத்தில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கும் ஒதுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அது நிபந்தனையோடு வரும் பணம், உரிமைப் பங்கல்ல. மாநிலத்தின் வருவாய் மாநிலத்தின் மண்ணில்தான் பிறக்கிறது. டெல்லியில் எண்ணெய்க் கிணறும் இல்லை, பனியன் கம்பெனியும் இல்லை. வசூலிப்பவரைக் கொடை வள்ளலாக்கும் இந்த மொழியை எங்கே கற்றோம்?

ஜி.எஸ்.டி. வந்த பிறகு நிலைமை இன்னும் நுட்பமாகிவிட்டது. கவுன்சிலில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லா மாநிலங்களும் ஒரே அணியில் நின்றாலும் ஒன்றியம் தனியாளாகத் தடுத்துவிடலாம். ஒன்றியம் கொண்டுவருவதைத் தடுக்க மாநிலங்கள் ஒரு டஜன் பேராவது கூட வேண்டும். 2020இல் கொரோனா வந்து மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீடு நின்றபோது அது கடவுளின் செயல் என்றார் ஒன்றிய நிதியமைச்சர். விற்பனை வரி போடும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தபோது, மாநிலங்கள் கையெழுத்துப் போட்டது கடவுளோடு அல்லவே. 2022 மே மாதம் மோஹித் மினரல்ஸ் வழக்கில், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் பேரவைகளையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு சரி, எந்த மாநிலமும் அதைப் பயன்படுத்திப் பார்க்கத் துணியவில்லை.

பணத்தை நிபந்தனையாக்குவது இன்னொரு வித்தை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024–25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. புதிய திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் புதிய திட்டத்துக்கான பணத்தைத் தராதே, நியாயம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது எந்த நியாயம்? 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வந்தது. மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலங்களுக்குப் பழைய மெடிகெய்ட் பணத்தையும் வெட்டிவிடுவோம் என்றது ஒபாமா அரசின் சட்டம். ஏழைகளுக்கு மருத்துவம் என்ற நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஒன்பது பேரில் ஏழு நீதிபதிகள், இது ஊக்குவிப்பல்ல, நெற்றியில் துப்பாக்கி வைப்பது போன்ற மிரட்டல் என்று தள்ளினார்கள். அந்த ஏழு பேரில் ஒபாமாவே நியமித்த ஒருவரும் இருந்தார். கூட்டாட்சிக்கு உலகமே உதாரணம் காட்டும் நாட்டில் நடந்தது இது.

ஆளுநர் விஷயத்தை நீட்டப்போவதில்லை. தமிழ் வாசகருக்கு அது தினசரிச் செய்தி. இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன். ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது பிரிவு பயன்படாத எழுத்தாகவே கிடக்கும் என்று அம்பேத்கர் நம்பினார். 1959இல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அரசு உட்பட, நூறு முறைக்கு மேல் அது பயன்பட்டுவிட்டது. 1991 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆளுநர் பர்னாலா, ஆட்சியைக் கலைப்பதற்குக் காரணமில்லை என்று அறிக்கை தர மறுத்தார். ஆளுநரின் அறிக்கை வந்தால் ‘அல்லது வேறு வகையில்’ என்று சட்டத்தில் இருந்த இரண்டு மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். இது முதல் காட்சி. இரண்டாவது, பேரவை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய பத்து மசோதாக்கள். 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள், காலக்கெடுவும் விதித்தார்கள். நவம்பரில் குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள், கெடு விதிப்பதும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் நீதிமன்றத்தின் வேலையல்ல என்றார்கள். அதே மூச்சில், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் முடக்கிவைக்க முடியாது என்றும் சொன்னார்கள். அம்பு இல்லாத வில்லைக் கையில் கொடுத்த மாதிரி.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது பயம்தான். மையம் தளர்ந்தால் நாடு சிதறும். இந்தப் பயம் புதிதல்ல. 1948இல் தார் ஆணையம் மொழிவழி மாநிலங்கள் வேண்டாமென்றது. நேருவும் படேலும் பட்டாபியும் கொண்ட குழுவும் தயங்கியது. மொழியின் பேரால் மாநிலம் கொடுத்தால் தேசம் கிழிந்துவிடும் என்றார்கள். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் செத்த பிறகுதான் ஆந்திரம் கிடைத்தது. எழுபது ஆண்டுகள் ஆகின்றன. தெலுங்கர்கள் பிரிந்துபோய்விட்டார்களா? கன்னடர்கள்? மராட்டியர்கள்? கேட்டதைக் கொடுத்த இடத்தில் அடங்கியது. கொடுக்க மறுத்த இடத்தில் என்ன ஆனது என்று பார்க்க எல்லையைத் தாண்டினால் போதும். பாகிஸ்தான் 1955இல் மேற்குப் பகுதி மாகாணங்களையெல்லாம் ஒரே அலகாக இறுக்கியது. 1966இல் கிழக்குப் பகுதித் தலைவர் முஜிபுர் ரஹ்மானின் ஆறு அம்சங்கள் கேட்டது ஒரு கூட்டாட்சியைத்தான். 1971இல் வங்கதேசம் பிறந்தது. இலங்கையில் 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகம் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் செய்து பெற்றது வெறும் பிராந்திய சபைகள். அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1972இல் ஒற்றையாட்சி என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். அந்த ஒற்றையாட்சி எத்தனை உயிரைக் குடித்தது என்று தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் ஒன்றியமும் யூகோஸ்லாவியாவும் கூட்டாட்சிகள்தானே, அவை ஏன் சிதறின என்று கேட்பார்கள். காகிதத்தில் கூட்டாட்சி, நடப்பில் ஒற்றைக் கட்சி. அந்த உதாரணம் எங்களுக்குத்தான் உதவும்.

இன்னொரு கேள்விக்கு மட்டும் எனக்கு எளிதான பதில் இல்லை. மாநிலங்கள் யோக்கியமா? இல்லை. டெல்லி தமக்குச் செய்வதாகச் சொல்லும் அத்தனையையும் அவை ஊராட்சிகளுக்குச் செய்கின்றன. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்ல. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் சென்னை மாநகராட்சிக்கு மேயர் இல்லை. மாநில சுயாட்சி பேசிய இரண்டு கட்சிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இது அதிகாரத்தை இன்னும் கீழே இறக்கு என்பதற்கான காரணம், மேலே ஏற்று என்பதற்கல்ல.

கீழே இருந்துதான் நல்லது வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி நிறைய. காமராஜர் 1956இல் பள்ளியில் சோறு போட்டார், எம்.ஜி.ஆர். 1982இல் அதை விரித்தார்; நாடு முழுவதற்குமான மதிய உணவுத் திட்டம் 1995இல் வந்தது. மகாராஷ்டிரம் எழுபதுகளில் கொண்டுவந்த வேலை உறுதித் திட்டத்தை 2005இல் நாடு பின்பற்றியது. தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். டெல்லிக்கு 2005 ஆனது. மாறாக, கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு இழுத்த 42ஆவது திருத்தம் எப்போது வந்தது? 1976, நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். மாநிலங்களில் பாதியாவது ஒப்ப வேண்டிய அந்தத் திருத்தத்தைப் பற்றிச் சொல்லத் தமிழ்நாட்டுக்கு அன்று பேரவையே இல்லை. ஜனவரி 31 அன்றே கலைத்துவிட்டிருந்தார்கள். ஜனதா ஆட்சி அந்தத் திருத்தத்தில் பலவற்றை நீக்கியது. கல்வி திரும்பவில்லை. நீட்டைப் பற்றிய ஒவ்வொரு சண்டையும் அந்தத் திருத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஒன்றிய–மாநில உறவை ஆராய்ந்தவை: ராஜமன்னார் குழு 1971, சர்க்காரியா ஆணையம் 1988, பூஞ்சி ஆணையம் 2010. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆகவே அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் ‘டெல்லியில் குரல் கொடுப்பீர்களா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் கொடுப்பேன் என்பார்கள். செஸ்ஸையும் பங்கிடும் தொகுப்பில் சேர்க்க 270ஆவது பிரிவைத் திருத்தும் மசோதாவை நீங்கள் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். அந்தப் பிரிவு என்னவென்று அவருக்குத் தெரியவில்லை என்றால், எந்தக் கட்சியானாலும் சரி, அவரை அனுப்பாதீர்கள்.